எடு என்றானா, விடு என்றானா?

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இந்த வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாலிபால் அணி ஆரம்பித்திருக்கிறார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற 14 பேர். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வந்து கொஞ்சம் பழக்கிவிடச் சொல்லி பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டார். போகத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் இன்னொரு வேலையும் கொடுத்தார். "பிள்ளைங்களுக்கு வார்த்தை எதுவுமே தெரியல சார். ஆட்டத்துல வர்ற வார்த்தை எல்லாத்தையும் ஒரு சார்ட்டுல எழுதி, எதிர்ல ஒரு வரி அர்த்தம் போட்டுக் குடுங்க. ஸ்டோர் ரூம் சுவத்துல ஒட்டிருவோம்" என்றார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்து, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த சார்ட் இன்னும் முடியவில்லை. சர்வீஸ், பாஸ், லிஃப்ட், ஸ்மாஷ், பிளாக் என்று ஐந்து வார்த்தை எழுதியதும் கை நின்றுவிட்டது. அர்த்தம் தெரியாமல் இல்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை ஒரு பந்தைக்கூட எடுக்க முடியாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதோடு, 1997-ல் நான் விட்ட ஒரு பாயின்ட், இத்தனை வருடம் கழித்து, அந்த வெள்ளைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த பாயின்ட்டை நாங்கள் இழந்ததே ஒரு வார்த்தையால்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் என் கை நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட்

கை நின்றது லிஃப்ட் என்ற வார்த்தையில். எங்கள் பக்கம் பந்தை அடிப்பதற்கு வாகாகத் தூக்கிக் கொடுக்கிறவன் லிஃப்டர். வேறு சில ஊர் அணிகளோடு ஆடும்போது அவனையே பூஸ்டர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். டிவியில் செட்டர் என்கிறார்கள். மூன்றும் ஒரே ஆள்தான். சார்ட்டில் "லிஃப்ட்: அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுத்தல்" என்று எழுதியிருந்தேன். மறுநாள் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை வந்து, "சார், வீடியோல லிஃப்ட் பண்ணினா ஃபவுல்னு விசில் அடிக்கிறாங்களே, நீங்க நல்லா லிஃப்ட் பண்ணுங்கனு சொல்றீங்க" என்று கேட்டாள். அவள் பார்த்தது ஒரு அமெரிக்கக் கோச்சின் வீடியோ. அங்கே லிஃப்ட் என்றால் பந்தைத் தட்டாமல் ஒரு கணம் பிடித்து நிறுத்தித் தூக்குவது, அதாவது தப்பு. நாம் ஹோல்டிங் என்று சொல்வதைத்தான் அவர்கள் லிஃப்ட் என்கிறார்கள். சர்வதேச விதிப்புத்தகத்தில் இந்த இரண்டு வார்த்தையுமே இல்லை. பந்தைப் பிடிக்கவோ எறியவோ கூடாது, கையில் பட்டதும் அது துள்ளிப் போக வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. நம் அணியில் மிக நுணுக்கமாக ஆடத் தெரிந்தவனுக்கு நாம் வைத்த பேர், இன்னொரு நாட்டில் அவன் செய்யவே கூடாத தப்பின் பேராக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் ஆட்கள் காரணமில்லாமல் லிஃப்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் 25 பாயின்ட் கொண்ட ஒரு பகுதிக்கும் செட் என்றுதான் பேர், அடிக்கத் தூக்கிக் கொடுக்கும் பந்துக்கும் செட் என்றுதான் பேர். "செட் போச்சு" என்று ஒருத்தன் மைதானத்தில் கத்தினால் எது போனது என்று தெரிய வேண்டாமா? நம் ஆட்கள் செட்டைப் பாயின்ட் கணக்குக்கு வைத்துக்கொண்டு, தூக்கிக் கொடுப்பதற்கு வேறு வார்த்தை எடுத்துக்கொண்டார்கள். இது எவ்வளவு தெளிவான ஏற்பாடு! அதனால் சார்ட்டில் லிஃப்டை அழித்துவிட்டு செட் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட் என்றால் என்ன என்று எனக்கு ஒரு வரி அர்த்தம் யாரும் சொல்லித்தந்ததில்லை. எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்த ஒரு அண்ணாச்சி. எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். மண் செக்கச்செவேல் என்று இருக்கும். அண்ணாச்சி பந்தை நன்றாகத் துடைத்து வைப்பார். எங்கள் பத்து விரலையும் லேசாக நனைத்து, தேரி மண்ணில் ஒற்றி எடுக்கச் சொல்வார். அப்புறம் அவர் பந்தைத் தலைக்கு மேல் போடுவார், நாங்கள் லிஃப்ட் பண்ண வேண்டும். பந்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முக்கோணமாக விழுந்து, மற்ற விரல்கள் அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டாகப் பதிந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் துடைப்பார். உள்ளங்கைத் தடம் தெரிந்தால், "இது லிஃப்ட் இல்லலே, பலாப்பழத்த தூக்குத மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். இடது கைப் பொட்டு கலங்கலாகவும் வலது கைப் பொட்டு தெளிவாகவும் இருந்தால், ஒரு கை முந்திவிட்டது, ஒரே ஆள் பந்தை இரண்டு தடவை தொட்ட தப்பு, டபுள் டச். இப்படிப் பந்தின் தோலில் படித்த அர்த்தம் அது. அதை ஒரு வரியில் எப்படி எழுதுவது?

விதி போன பிறகும் இருக்கிற வார்த்தைகள்

சர்வீஸ் என்ற வார்த்தையிலும் இதே சிக்கல், வேறு மாதிரி. நாங்கள் ஆடிய காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் பாயின்ட். எதிரணி அந்தப் பந்தை ஜெயித்தால் அவர்களுக்குக் கிடைப்பது சர்வீஸ் மட்டும். "சைடு அவுட்" என்று அம்பயர் கையைக் காட்டுவார். நாங்கள் "சர்வீஸ் ஓவர்" என்போம். 15 பாயின்ட் செட்தான், ஆனால் முக்கால் மணி நேரம் ஆடியும் பலகையில் 4-3 என்றே நிற்கும். 1998-க்குப் பிறகு அந்த முறையை எடுத்துவிட்டு, யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்குப் பாயின்ட் என்று கொண்டுவந்தார்கள். 25 பாயின்ட் செட் வந்தது. சைடு அவுட் என்ற விதியே இன்றைக்கு இல்லை. ஆனால் வார்த்தை மட்டும் போகவில்லை. எதிரணி போட்ட சர்வீஸை எடுத்து அந்தப் பந்தை ஜெயிப்பதை இப்போதும் சைடு அவுட் என்றுதான் கோச்சுகள் சொல்கிறார்கள், ஒரு அணி எத்தனை சதவீதம் சைடு அவுட் எடுக்கிறது என்று கணக்கும் போடுகிறார்கள். அதேபோல, சர்வீஸ் நெட்டில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் எங்கள் காலத்தில் போச்சு. 2000-ஐ ஒட்டி அதையும் மாற்றி, பட்டாலும் ஆட்டம் தொடரும் என்று ஆக்கினார்கள். எங்கள் ஊர் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்கள் இன்றைக்கும் பந்து நெட்டை உரசினதும் "நெட்டு!" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நானும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் நிற்பதில்லை.

ஆட்டத்தின் பேரே அப்படித்தான் மாறி வந்தது. 1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த வில்லியம் மோர்கன் இதை உண்டாக்கியபோது வைத்த பேர் மின்டோனெட். அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது ஆல்ஃப்ரெட் ஹால்ஸ்டெட் என்பவர், பந்து தரையில் படாமல் இங்கும் அங்கும் போவதைப் பார்த்து, வாலி என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னார். தரையில் விழும் முன் அடிப்பதுதான் வாலி. நாம் அதைக் கைப்பந்து என்று ஆக்கினோம். இலங்கைத் தமிழர்கள் கரப்பந்து என்கிறார்கள். அங்கே 1991 முதல் அது தேசிய விளையாட்டு. கை, கரம் இரண்டும் ஒன்றே. பந்து விழக்கூடாது என்ற முக்கியமான சேதி இரண்டிலும் இல்லை. கூடவே, ஹேண்ட்பாலையும் கைப்பந்து என்று எழுதுகிறவர்கள் இருப்பதால் நோட்டீஸில் படித்தால் எந்த ஆட்டம் என்று சில சமயம் குழப்பம்தான். நான் சார்ட்டின் தலைப்பில் வாலிபால் என்றே எழுதினேன்.

இடங்களுக்கு எண் வைத்திருப்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துப்போனது. சர்வீஸ் போடும் வலது பின் மூலை 1, அதற்கு முன்னால் நெட்டோரம் 2, நடு 3, இடது முன் 4, இடது பின் 5, பின் நடு 6. எண் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் ஏறும், ஆட்கள் கடிகாரம் சுற்றுகிற திசையில் மாறுவார்கள். "நாலுல குடு" என்றால் போதும், எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். லிபரோவைப் பற்றித்தான் நிறையப் பேசினோம். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவர். 1998-ல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்தார். இத்தாலிய மொழியில் லிபரோ என்றால் சுதந்திரமானவர். அவர் பிளாக் போடக் கூடாது, அதாவது எதிரணி அடிக்கிற பந்தை நெட்டோரம் எகிறிக் கையால் மறிக்கக் கூடாது, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை எந்த இடத்திலிருந்தும் அடித்து அனுப்பக் கூடாது. நெட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போட்டிருக்கும் கோட்டுக்கு முன்னால் நின்று அவர் விரலால் லிஃப்ட் கொடுத்தால் அதை நெட்டுக்கு மேலே வைத்து யாரும் அடிக்கவும் கூடாது. அவருக்குள்ள சுதந்திரம், அம்பயரிடம் கேட்காமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வந்து வெளியே போகலாம் என்பதுதான். எனக்கு அந்தப் பேர் மேல் ஒரு ஏக்கம் உண்டு. நான் குள்ளம். 2.43 மீட்டர் நெட்டுக்கு முன்னால் போய் நின்றால் என்னால் ஆவது ஒன்றும் இல்லை. பின்னால் நின்றால் எந்தப் பந்தையும் விட மாட்டேன். என் மாதிரி ஆளுக்கு ஒரு பேரும் ஒரு சட்டையும் வந்தபோது நான் ஆட்டத்தை விட்டுவிட்டு திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தேன்.

கொடை ராத்திரி

இப்போது அந்த 1997. பக்கத்து ஊர்க் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வருடா வருடம் மின்னொளிப் போட்டி நடக்கும். மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு ட்யூப் லைட் கட்டியிருப்பார்கள். கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஃபைனல். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு மைக், இன்னொரு பக்கம் எங்கள் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்கிற மைக், நடுவில் கூட்டத்தின் சத்தம். மூன்று செட் ஆட்டம். முதல் இரண்டும் ஆளுக்கொன்று. கடைசி செட் மட்டும் அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட். 14-13, அவர்கள் ஒன்று முன்னே. சர்வீஸும் அவர்களுடையது.

நான் 6-ல் நின்றேன். 5-ல் என் கூட்டாளி. சின்ன வயசிலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். சர்வீஸ் போட வந்தவன் ஃப்ளோட் போடுகிறவன். பந்து சுழலாமல் வரும், அதனால் எந்தப் பக்கம் அசையும் என்று கடைசி வரை தெரியாது. விசில் அடித்தது. பந்து நெட்டைத் தாண்டும்போது என் தலைக்கு மேலே உயரமாக இருந்தது. போகிற வேகத்துக்கு வெளியேதான் போகும் என்று என் கால் நினைத்தது. ஆனால் ஃப்ளோட் பந்து கடைசியில் தொபுக்கென்று இறங்கும். நான் பின்னால் இரண்டு எட்டு வைத்தேன். பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறவனுக்குக் கோடு தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் கோடும் பந்தும் ஒரே பார்வையில் தெரியும். அதனால்தான் அவன் சொல்ல வேண்டும், நான் செய்ய வேண்டும். அது எங்களுக்குள் எப்போதும் இருக்கிற ஏற்பாடு. அவன் கத்தினான். எனக்குக் கேட்டது "எடுலே!" கையை நீட்டினேன். பந்து என் முன்கையின் ஓரத்தில், மணிக்கட்டுக்கு மேலே பட்டு, பக்கவாட்டில் தெறித்து, ட்யூப் லைட் கம்பத்தைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது. என் கால் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இருந்தது. கை அதற்கும் பின்னால். சும்மா விட்டிருந்தால் 14-14.

எதிரணி கத்திக்கொண்டு ஓடியது. நான் அப்படியே நின்றேன். அவன் என்னிடம் வந்து, எல்லாரும் கேட்க, "விடுலேன்னு தானலே சொன்னேன்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. விடு, எடு. முதல் எழுத்தைத் தவிர எல்லாம் ஒன்று. கடைசியில் லே சேர்த்துக் கத்தினால், வில்லுப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் டுலே மட்டும்தான் காதில் விழும். நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி நடக்கும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தேன். முன்கையில் பந்து பட்ட இடத்தில் சிவந்த தடம் காலை வரை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி மைதானத்துக்கு வந்தார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களை உட்கார வைத்து, குச்சியால் மண்ணில் விடு என்றும் எடு என்றும் எழுதி, இரண்டையும் காலால் அழித்தார். "இனிமே இது ரெண்டும் நம்ம கிரவுண்டுல கிடையாது. வெளியே போகுத பந்துன்னா 'அவுட்டு'. உள்ளன்னா ஒண்ணும் சொல்லாத. எடுக்குதவன் 'நான்'னு கத்தணும். எடுன்னு ஒருத்தன் சொல்லி இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. எவன் கையில பந்து விழப்போவுதோ அவன் வாயிலதான் சத்தம் வரணும்" என்றார். எங்கள் மைதானத்தில் அதுவரை எல்லாமே ஏவல்தான். எடு, விடு, போடு, அடி, தூக்கு. ஒருத்தன் சொல்லுவான், இன்னொருத்தன் செய்வான், தப்பினால் யார் தப்பு என்று சண்டை வரும். அன்றையிலிருந்து நான் என்று சொல்லப் பழகினோம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, பெரியவர்கள் முன்னால் நான், நான் என்று முந்திக்கொள்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆறு பேருக்கு நடுவில் பந்து எங்கே வந்தாலும் ஒரே ஒரு நான் மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு இரண்டு பேர் முட்டிக்கொண்டு நாங்கள் ஒரு பந்தையும் விட்டதாக எனக்கு நினைவில்லை.

சத்தம்

சார்ட்டில் என்ன குறை என்று எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது. நான் எழுதியதெல்லாம் ஆட்டத்தைப் பற்றி வெளியே இருந்து பேசுகிற வார்த்தைகள். உள்ளே நின்று கத்துகிற வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. பிளாக் என்றால் என்ன என்று எழுதியிருந்தேன். ஆனால் பிளாக் போட்டவள் கையில் பந்து உரசினால் உடனே "டச்" என்று கத்த வேண்டும், அப்போதுதான் பின்னால் நிற்கிறவள் வெளியே போகிற பந்தையும் ஓடி எடுப்பாள், பிளாக்கில் பட்டது ஒரு அணிக்கு உள்ள மூன்று தட்டில் கணக்கில்லை, இன்னும் மூன்று தட்டு இருக்கிறது என்பதை எழுதவில்லை. எதிரணி அடிக்க வழியில்லாமல் சும்மா தள்ளிவிடுகிற பந்துக்கு "ஃப்ரீ பால்" என்று ஒருத்தி கத்தினால் பிளாக்குக்கு நின்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்து தாக்குதலுக்குத் தயாராகிவிடலாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம், ஐந்து பேர் இடம் மாறுவதுதான்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். டீச்சரும் பக்கத்தில் நின்றார். "ஆட்டம் இவங்களுக்கு வந்துரும் சார். சத்தம்தான் வர மாட்டேங்குது" என்றார் மெதுவாக. உண்மைதான். நெட்டை அவர்களுக்காக 2.24 மீட்டருக்கும் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறோம், பந்தை நன்றாகவே எடுக்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால், இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்கள், பந்து நடுவில் விழும். அமெரிக்காவில் இப்படி விழுகிற பந்துக்குக் கணவன் மனைவி என்றே ஒரு பட்டப்பேர் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் விடுவதற்குக் காரணம் வேறு. கத்தாதே, ஓடாதே, முந்திக்கொண்டு போகாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் நான் மைதானத்தில் நின்று நான் என்று கத்து என்கிறேன். எனக்கு அந்த வார்த்தை ஒரு மாதத்தில் பழகியது, இவர்களுக்கு அது அதைவிடப் பெரிய மலை.

ஜப்பான் பெண்கள் கதையை ஒரு நாள் சொன்னேன். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில்தான் வாலிபால் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பான் அணியில் பெரும்பாலானவர்கள் கைசுகா என்ற ஊரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பகலில் வேலை, மாலையிலிருந்து ராத்திரி வரை பயிற்சி. அவர்களுடைய கோச் தைமட்சு ஒரு வித்தையைப் பழக்கினார். பந்தை எட்டிப் பாய்ந்து எடுத்து, அப்படியே தோளில் உருண்டு, உடனே எழுந்து நிற்க வேண்டும். நாங்கள் ரோலிங் என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். சோவியத் அணியை 3-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் மூன்று பேரின் அம்மாக்கள் மில்லுக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தி, "அவங்க என்னனு சார் கத்துவாங்க?" என்று கேட்டாள். ஜப்பானிய மொழியில் என்ன சொல்வார்களோ, அதற்குத் தமிழில் நான் என்றுதான் அர்த்தம் இருக்கும் என்றேன். மறுநாள் பயிற்சியில் அவள்தான் முதலில் கத்தினாள். குரல் கீச்சென்று உடைந்தது. பந்தை எடுத்துவிட்டாள். சுற்றி நின்ற எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று ராத்திரி என் கூட்டாளிக்கு போன் போட்டேன். அவன் 20 வருடமாக சவுதியில் இருக்கிறான். சார்ட் கதையைச் சொன்னேன், லிஃப்ட் கதையைச் சொன்னேன், அண்ணாச்சி மண்ணில் எழுதி அழித்ததைச் சொன்னேன். அப்புறம், "நீ அன்னைக்கு விடுன்னு சொன்னது எனக்கு எடுன்னு கேட்டுச்சு பாரு, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"லே, உனக்கு சரியாத்தாம்லே கேட்டுது" என்றான். "நான் எடுன்னுதான் சொன்னேன். உள்ள விழும்னு நெனச்சேன். உன் காலு கோட்டுக்கு வெளிய நிக்கத பாத்ததும் பயந்துட்டேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. விடுன்னு சொன்னேன்னு வாயில வந்துட்டு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கோபம் வரவில்லை. அந்தப் பந்து மறுபடியும் தலைக்கு மேல் வந்தது போல இருந்தது, அவ்வளவுதான். விடு, எடு இரண்டும் காதில் ஒன்றுபோல விழும் என்று நான் இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி அன்றைக்கு ஏன் இரண்டு வார்த்தையையும் அழித்தார், ஏன் எடுக்கிறவன் வாயில்தான் சத்தம் வர வேண்டும் என்றார் என்பது எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. அவர் கோட்டோரம் நின்று ஆட்டம் பார்த்தவர். அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும். எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்ற அவருக்கு அப்படி ஒரு வழி தோன்றியிருக்கலாம். கேட்க அவர் இல்லை.

"அண்ணாச்சிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் சொல்லப் போனேன். 'தெரியும், போய் சர்வீஸ் போடு'ன்னுட்டாரு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அப்புறம் அவன், "பிள்ளைங்களுக்கு கோடு எதுலல போடுதீங்க, சுண்ணாம்பா?" என்று கேட்டான்.

"இல்ல, நாடா. நாலு மூலையிலயும் ஆணி அடிச்சிருக்கு."

"ஆணி தலை மேல தெரியாம அடி" என்றான். "விழுந்து எடுக்குத பிள்ளைங்க."